நிலமும் பொழுதும் நலமும்

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரை உடல்நலம் குறித்துப் பேச அழைத்திருக்கிறீர்கள். மருத்துவர் நிற்க வேண்டிய இடத்தில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதி என்றொரு நூல் உண்டு. சிறுபஞ்சமூலம் என்று மற்றொன்றும் உண்டு. ஏலாதியை இயற்றிய கணிமேதாவியாரும் சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசானும் சமணச் சான்றோர். அறம் உரைக்க வந்த அவ்விருவரும் தம் நூல்களுக்கு மருந்துகளின் பெயரையே சூட்டினர். ஏலம், இலவங்கப்பட்டை, நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்தது ஏலாதி என்னும் மருந்து. ஐந்து வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். அறமும் மருத்துவமும் அவர்கள் நெஞ்சில் அண்டை வீடுகளாகவே இருந்தன. அந்த மரபின் வாசலில் நின்றுதான் இன்று நான் பேசுகிறேன்.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் மக்கள் வாழ்வை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் விளைவதும் வாழ்வதும் செய்தொழிலும் கருப்பொருள். மனத்துள் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இந்த வரிசையை நோக்குங்கள். ஒருவர் எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் வாழ்கிறார் என்பது முதலில் வருகிறது. அவர் என்ன உணர்கிறார் என்பது இறுதியில் வருகிறது. இக்காலப் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் அளவைக் கருவிகளோடு ஊர் ஊராகச் சென்று கண்டறிந்து வருவதும் ஏறத்தாழ இதே வரிசையைத்தான். நோய் உடலுக்குள் தொடங்குவதற்கு முன்பே, வெயிலிலும் நீரிலும் புகையிலும் கூரையிலும் தொடங்கிவிடுகிறது என்பதே அவர்கள் கூற்றின் சுருக்கம். அவற்றுள் நம் தங்கச்சிமடத்துக்கும் இந்த இராமநாதபுரக் கடற்கரைக்கும் பொருந்துவன சிலவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் வெயிலைக் கொள்வோம்.

நம்முடைய தீவு மதுரையைப் போலவோ வேலூரைப் போலவோ 40 பாகை வெப்பத்தை அடிக்கடி காண்பதில்லை. கடற்காற்று நம்மைக் காக்கிறது என்று நாம் மகிழ்வதுண்டு. அம்மகிழ்ச்சி பாதி உண்மை. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை. வியர்வை வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. அது நெற்றியில் உருண்டு மணலில் விழுகிறது; உடலின் நீர் குறைகிறது, வெப்பமோ குறைவதில்லை. ஆகவேதான் ஆய்வாளர்கள் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. காற்றின் வெப்பம், ஈரம், கதிரவனின் நேரடி வெம்மை, காற்றின் வேகம் ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் கருவியைக் கொண்டு செல்கின்றனர். கடற்கரையின் வெயில் எண்ணிக்கையில் சிறியதாகத் தோன்றினும் உடலுக்குப் பெரியதாக இருப்பதை அக்கருவி காட்டிவிடுகிறது.

சென்னையிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் வித்யா வேணுகோபால் அவர்களும் அவர்தம் குழுவினரும் இத்துறையில் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை அவர்கள் ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர், உடல் தாங்கத்தக்கதென வகுக்கப்பட்ட வெப்ப அளவுக்கு மேலான வெம்மையில் உழைத்து வந்தனர். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நம் மாவட்டத்திலும் வாலிநோக்கத்தில் அரசின் உப்பு நிறுவனம் இயங்குகிறது. உப்பளத் தொழில் நமக்கு அயலன்று. நாள்தோறும் நம் இலையில் விழும் உப்புக்கு ஒருவருடைய சிறுநீரகம் விலையாகிறது என்றால், அதை அறியாமல் உண்பது ஒன்று. அறிந்த பின்னும் வாளாவிருப்பது வேறொன்று.

உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் பாயும் குருதி குறைகிறது. ஒரு நாள் குறைந்தால் இரவு ஓய்வில் அது மீண்டுவிடும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குறைந்தால் மீள்வதில்லை. வலி இன்றி, அறிகுறி இன்றிச் சிறுநீரகம் தேய்கிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டதை ஆராய்ந்தபோது, கடும் வெயிலும் கடும் உழைப்பும் அதன் பெருங்காரணங்களாக வெளிப்பட்டன. அங்கே பின்பற்றப்பட்டு வரும் தீர்வை மூன்றே சொற்களில் கூறலாம்: நீர், ஓய்வு, நிழல். நமக்கு எதிர்க்கரையில், இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் உழவர்களிடையே இத்தகைய சிறுநீரக நோய் 1990களிலிருந்து கண்டறியப்பட்டு வருகிறது. அங்கே ஒற்றைக் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. குடிநீரின் தன்மை, வேளாண் நஞ்சுகள், வெப்பம் எனப் பலவற்றை ஆராய்ந்து வருகின்றனர்.

அதே சென்னைக் குழுவினர் 2017-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், தமிழகத்தில் 800 கருவுற்ற தாய்மாரைத் தொடர்ந்து கவனித்தனர். வெப்பம் மிகுந்த இடங்களில் உழைத்த தாய்மாருக்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு, அவ்வாறு உழைக்காதோரை நோக்க இரு மடங்காக இருந்தது. இதை மேடையில் ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் இந்த ஊரில் வெயிலில் கருவாடு காயவைக்கும் பெண்கள் யார், மல்லிகை நாற்றங்காலில் குனிந்தபடி நாளெல்லாம் குச்சி நடும் பெண்கள் யார், கடற்பாசி எடுக்க இடுப்பளவு நீரில் இறங்கும் பெண்கள் யார் என்று நாம் பெயர் சொல்லி அறிவோம். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று இந்தியாவின் பல மாநிலங்களுக்குச் செல்கிறது. அதற்கு வேர்பிடிக்க வைத்த கைகளுக்கு நிழல் இருந்ததா என்று வாங்குவோர் கேட்பதில்லை. நாம் கேட்கலாம்.

பெண்களைப் பற்றிய இன்னொரு செய்தியையும் அவ்வாய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கழிப்பறை இல்லாத பணியிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுகின்றனர். தண்ணீர்ப் பானை அருகிலேயே இருக்கும், தாகமும் இருக்கும், ஆனால் குடித்தால் ஒதுங்க இடமில்லை. எனவே காலையில் வீட்டில் குடித்ததோடு சரி. விளைவு சிறுநீர்ப்பாதைத் தொற்றும், எரிச்சலும், நாளடைவில் சிறுநீரகக் கேடும்.

இதை நான் நூலில் மட்டும் படித்தவன் அல்லேன். நான் பணியாற்றிய கடலோரப் பள்ளியொன்றில், பங்குனி, சித்திரை மாதப் பிற்பகல்களில் மாணவியர் சிலர் தலைவலி என்று மேசைமேல் சாய்ந்துவிடுவர். காலையில் நிறைத்துக் கொண்டுவந்த தண்ணீர்க் குப்பி மாலையில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். ஓர் ஆசிரியை தனியே அழைத்துக் கேட்டபோதுதான், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே நீரும் இல்லை என்பது வெளிப்பட்டது. பெற்றோர் சிலர் சேர்ந்து தாழ்ப்பாளும் நீர்த்தொட்டியும் அமைத்தனர். அதன்பின் குப்பிகள் காலியாகத் திரும்பின. தலைவலியும் பெரும்பாலும் குறைந்தது. அப்பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட மருந்து ஒரு தாழ்ப்பாள்!

வெப்பத்தை வெல்ல முடியுமா என்று கேட்பீர்கள். வெல்ல முடியாது, அதன் கொடுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு அகமதாபாத் சான்று. 2010 மே மாதத்தில் அந்நகரில் வெப்பம் 46.8 பாகையைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. வெயிலால் இறந்தோர் என்று மருத்துவமனைகள் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. மற்றவர்கள் மாரடைப்பு என்றும் முதுமை என்றும் எழுதப்பட்டு மறைந்தனர். அந்த அதிர்ச்சிக்குப் பின் 2013-இல் தெற்காசியாவிலேயே முதன்முறையாக அந்நகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. வெப்பம் ஏறும் நாள்களை முன்கூட்டியே அறிவித்தல், மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்தல், குடிநீர்ப் பந்தல்கள், பூங்காக்களைப் பகலில் திறந்து வைத்தல் எனத் தொடங்கிய அத்திட்டம், பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவது வரை விரிந்தது. அத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரி 1,190 உயிர்கள் காக்கப்பட்டன என்று 2018-இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. இவற்றுள் பெருஞ்செலவுடையது எதுவும் இல்லை என்பதைக் கருதுங்கள்.

தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. ஆயினும், இறந்தபின் வரும் நான்கு இலட்சத்தைக் காட்டிலும் இருக்கும்போது கிடைக்கும் நான்கு குவளை நீரும் ஒரு கீற்றுப் பந்தலும் பெரியவை.

இங்கே அமர்ந்திருப்போருள் பணியாளரை வைத்துத் தொழில் நடத்துவோர் பலர் உள்ளீர்கள். உங்களிடம் ஒரு செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025 ஆகஸ்டில் இணைந்து வெளியிட்ட அறிக்கை ஒன்று, நான் முன்னர்க் கூறிய நால்வகை அளவைக் கருவி 20 பாகையைக் கடந்தபின், ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் மனிதரின் உழைப்புத்திறன் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு குறைகிறது என்று கூறுகிறது. நண்பகலில் ஓய்வு கொடுத்தால் வேலை கெடும் என்பது நம் நெடுநாள் கணக்கு. நண்பகலில் அவ்வேலை முன்பே கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பது இவ்வறிக்கையின் கணக்கு. விடியலில் தொடங்கி, உச்சிப்பொழுதில் நிறுத்தி, வெயில் தாழ்ந்தபின் தொடர்ந்தால் தொழிலும் குறையாது, ஆளும் குறையார். கூலியைப் பிடிக்காமல் இதைச் செய்தல் வேண்டும். கூலி போகுமென்றால் எந்தத் தொழிலாளியும் நிழலை நாடமாட்டார்.

அடுத்து நீர்.

தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம் உள்ளது. கடலுக்குள்ளே கிணறு, கிணற்றுக்குள்ளே நன்னீர். இராமபிரான் வில்லூன்றிய இடம் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அந்நீர் ஏன் கரிக்கவில்லை என்பதற்கு நிலநீர் அறிஞர் கூறும் விளக்கமும் வியப்புக்குரியதே. தீவின் மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய அறிஞர் இருவர் தனித்தனியே கண்டுரைத்த கணக்கு இது. இதன் மறுபக்கத்தையும் நாம் எண்ண வேண்டும். அளவின்றி இறைத்து மேலே ஓர் அடி குறைத்துவிட்டால், கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். ஆழ்துளைக் கிணறு போட்ட சில ஆண்டுகளிலேயே நீர் உவர்ந்துபோவதன் மறைபொருள் இதுவே. மணற்குன்றும் பனையும் மழைநீரை உள்ளே வாங்கும் வாயில்கள். மணலை அள்ளுவது அவ்வாயிலை அடைப்பதாகும்.

உவர்நீர் நாவுக்கு மட்டும் இடரன்று. வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்துக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள், உப்பு மிகுந்த நீரைக் குடித்த கருவுற்ற தாய்மாருக்கு இரத்தக் கொதிப்பும் அதனால் வரும் பேறுகாலச் சிக்கல்களும் மிகுதி என்று காட்டின. உணவில் உப்பைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். நீரிலேயே உப்பு இருந்தால் அத்தாய் எங்கே போவாள்? காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் மாவட்டத்துக்கு வந்தது பெரும்பேறு. அந்நீர் வராத நாள்களில் எந்நீரைக் குடிக்கிறோம் என்பதையும் நாம் கவனித்தாக வேண்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது சமண ஒழுக்கத்தைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. நீரைத் தடித்த துணியில் வடிகட்டியே பருகுதல் சமணர் இல்லங்களில் வழிவழியாக வந்த நோன்பு. அத்துணியில் எஞ்சும் சிற்றுயிர்களை உதறி எறியாமல், எந்நீர்நிலையிலிருந்து எடுத்தாரோ அந்நீர்நிலைக்கே மீள விடுதலும் அந்நோன்பின் பகுதி. இப்போது ஓர் ஆய்வைக் கேளுங்கள். வாந்திபேதியைத் தோற்றுவிக்கும் நுண்ணுயிர், நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதை அமெரிக்க அறிவியலாளர் ரீட்டா கோல்வெல் கண்டறிந்தார். அச்சிற்றுயிரைத் தடுத்தால் நோயையும் பெருமளவு தடுக்கலாமே என்று எண்ணிய அவரும் அவர் குழுவினரும், வங்கதேசத்தின் 65 சிற்றூர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே மூன்றாண்டு ஆய்வு நடத்தினர். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை முகந்து வருமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். 2003-இல் முடிவு வெளியாயிற்று. வடிகட்டிய ஊர்களில் வாந்திபேதி நூற்றுக்கு 48 பங்கு குறைந்திருந்தது. புதுப்புடவையைவிடப் பலகால் துவைத்து நைந்த புடவையே நன்கு வடிகட்டியது. நூலிழைகள் விரிந்து கண்கள் நுணுகிவிடுவதே காரணம்.

இரண்டிலும் துணி ஒன்றே. சிற்றுயிரை மனிதனிடமிருந்து காக்க எண்ணியது சமண நெறி; மனிதனைச் சிற்றுயிரின் மேல் ஏறிவரும் நோயிடமிருந்து காக்க எண்ணியது அறிவியல். அருள் கருதிச் செய்த செயல் நலமும் தந்தது. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். துணி எல்லாக் கிருமிகளையும் தடுப்பதில்லை, உப்பையும் நீக்குவதில்லை. வடிகட்டியபின் காய்ச்சுதலே முழுமை. சமணத் துறவியர் காய்ச்சிய நீரையே பருகுவர் என்பதும் நீங்கள் அறிந்ததே.

மூன்றாவதாகப் புகை.

நம் வட்டாரத்தில் சீமைக்கருவேல முள் விறகும், பனைமட்டையும், தேங்காய் மட்டையும் அடுப்பெரித்த காலம் முற்றும் போய்விடவில்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைப்போரும் இம்மாவட்டத்தில் உண்டு. ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்துப் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் அவர்கள் அடுப்புப்புகையை ஆராய்வதில் உலகம் அறிந்தவர். அவர் குழுவினர் தமிழகத்தில் 1,285 கருவுற்ற தாய்மாரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை, அத்தாய்மார் சுவாசித்த காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் மிகும்போது குழந்தையின் பிறப்பெடை 4 கிராம் குறைந்தது என்று காட்டியது. நான்கு கிராம் சிறிதென்று தோன்றும். ஆனால் விறகடுப்பின் முன் அமர்ந்திருப்பவள் பத்து மைக்ரோகிராமோடு தப்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரையறை 5. இந்திய அரசின் வரையறை 40. விறகடுப்பு வீடுகளில் அளவு இவ்விரண்டையும் தாண்டி நிற்பதுண்டு.

விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் குழந்தையின் எடை கூடுமா? இதை ஐயமற அறிய, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஒரு பெரும் சோதனை நடத்தினர். இந்தியப் பகுதி நம் தமிழகத்தில், நாகப்பட்டினம், விழுப்புரம் வட்டாரங்களில் நடந்தது. பாதிப்பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. விறகடுப்பிலேயே தொடர்ந்தோர்க்கு 71 என்றிருந்த அளவு, இவர்களுக்கு 24-ஆக இருந்தது. ஆனால் 2022-இல் வெளிவந்த முடிவில், குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதிர்பார்த்தது கிட்டவில்லை என்பதை மறைக்காமல் அவ்வாறே வெளியிட்டனர். அறிவுலகின் வாய்மை என்பது இதுதான்.

இம்முடிவை வைத்து விறகடுப்பு தீதன்று என்று யாரும் கொள்ளற்க. கண்ணெரிச்சல், இருமல், நுரையீரல் நோய் ஆகியவற்றோடு புகைக்குள்ள உறவு பல ஆய்வுகளால் நிறுவப்பட்டது. இம்முடிவு உணர்த்துவது வேறு. குழந்தையின் எடைக்குப் புகை மட்டும் காரணமன்று; தாயின் உணவும், வேலையும், நீரும், வெயிலும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எல்லாம் மாறிவிடும் என்று காத்திருத்தல் ஆகாது. மருந்துகள் ஆறும் சேர்ந்தால்தானே ஏலாதி!

இறுதியாக மரமும் மனமும்.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் ஏடுகளை ஆராய்ந்தார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளுள் 23 பேரின் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது; 23 பேரின் சன்னல் செங்கற்சுவரை நோக்கியிருந்தது. மரங்களைக் கண்டவர் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 120 நிமிடமேனும் மரமும் கரையும் சூழ்ந்த இடங்களில் கழிப்போர் உடல்நலமும் மனநிறைவும் மிக்கவராகத் தம்மைக் கூறிக்கொள்வதைக் காட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு வினா எழுந்தது. கடலைக் காண்பதே மனத்துக்கு மருந்தென்றால், நாளெல்லாம் கடலில் கிடக்கும் நம் மீனவர்களைவிட மனநிறைவுடையோர் உலகில் இருக்கக் கூடாதே! ஆனால் அவர்தம் இல்லத்தரசியர் கடலை நோக்கும் நோக்கு வேறு. படகு திரும்புமா, திரும்பியபின் கடன் அடையுமா என்ற கவலையோடு நோக்கும் கண்ணுக்குக் கடல் மருந்தாவதில்லை. நெய்தலின் உரிப்பொருளை இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்தது சும்மாவன்று. இயற்கை நலம் தர வேண்டுமாயின் அதன் நடுவே அச்சமற்று அமரும் ஒரு சிறு பொழுதும் வேண்டும். அத்தகைய பொழுதை அவர்களுக்கு ஆக்கித் தருவதும் சமுதாயத்தின் கடமை.

பெருமக்களே! சமணம் நால்வகைத் தானங்களைப் போற்றுகிறது: உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம். இந்நான்கின் வழியாகவே என் வேண்டுகோளைச் சொல்லி முடிக்கிறேன்.

உணவுத் தானத்தோடு நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் நீர்மோர்ப் பந்தலை நெடுஞ்சாலையில் அமைக்கிறோம், வழிச்செல்வோர் குடித்துச் செல்கின்றனர், நன்று. அதைப் போல் ஒன்றைக் கருவாட்டுத் தளத்தருகிலும் நாற்றங்காலருகிலும் அமைத்தால், நாளெல்லாம் வெயிலில் நிற்போர் குடிப்பர்.

மருந்துத் தானமாக, வெயிலில் உழைப்போருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத் திறனும் பார்க்கும் முகாம் நடத்துங்கள். சிறுநீரக நோய் வலியின்றி வருவதால், தேடிச் சென்று பார்த்தாலன்றித் தெரிவதில்லை.

அறிவுத் தானமாக, நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் வாங்கிக் கொடுங்கள். தகரக் கூரையின் கீழும், கீற்றுக் கூரையின் கீழும், வெள்ளை பூசிய கூரையின் கீழும் நண்பகலில் எத்தனை பாகை என்று அவர்களே அளந்து எழுதட்டும். எந்தக் கூரைக்கு வெள்ளை பூச வேண்டும் என்பதை அக்குறிப்பேடே நமக்குச் சொல்லிவிடும்.

அடைக்கலம் என்னும் அபயதானம் நான்கனுள்ளும் தலையாயது என்பர். வெயிலில் நிற்பவருக்கு நிழலே அடைக்கலம். புன்னையும் பூவரசும் வேம்பும் இம்மணலுக்கு உறவான மரங்கள். அவற்றை வேலைத்தளங்களின் ஓரத்தில் நடுவோம். பெண்ணுக்குத் தாழ்ப்பாளிட்ட கழிப்பறையும் அடைக்கலமே. கழிப்பறையின் சுவர், கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்க ஏற்ற இடமன்று என்பதை நான் அறிவேன். அதனாலேயே அது தூய கொடை. இந்த ஆண்டு இவ்வறக்கட்டளை செய்யும் அறங்களுள் ஒன்றேனும் பெயர் பொறிக்கப்படாத அத்தகைய அறமாக அமையட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்த கோடை வெகுதொலைவில் இல்லை.